பட்டு நூலால் கட்டிய கால்

எங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்த அன்று நான் குக்கரை இறக்கி வைக்க எழுந்து போனேன். சொன்னால் சிரிப்பீர்கள். நடந்தது அதுதான்.

ஐப்பசி மாதம், காலை பத்து மணி இருக்கும். மூன்று நாளாகக் கொட்டிய மழை அன்றுதான் கொஞ்சம் விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். நான் தறியின் இடது ஓரத்தில் இருந்தேன். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஓர் ஆளால் அதை நெய்ய முடியாது. அவர் நடுவில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார், கரை நாடாவை நான் தள்ளுவேன். கல்யாணமானதிலிருந்து எங்கள் சண்டை, சமாதானம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு எல்லாம் அந்தத் தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபடிதான் நடந்திருக்கிறது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் புடவை நின்றுவிடும் என்பதால், கோபத்தையும் உட்கார்ந்தேதான் பட வேண்டும்.

அறுந்த இழை ஒன்றை முறுக்கிச் சேர்ப்பதற்காக அவர் தறியை நிறுத்தினார். அந்த அமைதியில் நீளமாக ஒரு சீற்றம் கேட்டது. விசில் வருவதற்கு முன்னால் குக்கருக்குள் ஆவி கூடிக்கொண்டு ஒரு சத்தம் போடுமே, அதே சத்தம்.

"இருங்க, அடுப்பப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனேன்.

அடுப்பு எரியவே இல்லை. குக்கரைக் கழுவி நானேதான் கவிழ்த்து வைத்திருந்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக் குக்கர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். சத்தம் இன்னொரு முறை கேட்டது. "அவங்க வூட்ல இன்னிக்கு இன்னா விசேஷமோ, காலைலயே குக்கர் வெச்சுக்கினு இருக்காங்க" என்று கிண்டல் வேறு செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே மிதியை மிதித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. "ஸ்" என்று இடது காலை மேலே இழுத்துக்கொண்டார். "ஆணி குத்திட்ச்சுன்னு நெனைக்கிறேன்."

புறங்காலில், சுண்டு விரலுக்குச் சற்று மேலே, இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆணி ஒரே மிதியில் இரண்டு இடத்தில் குத்தாது. நான் போனில் விளக்கைப் போட்டுக் குழிக்குள் காட்டினேன். மூலையில், மிதிக்கட்டைக்குப் பின்னால், தடித்த உடம்பைச் சுருட்டிக்கொண்டு அது கிடந்தது. மண் நிறம். முதுகு நெடுக வட்டம் வட்டமாகக் கறுப்பு விளிம்பு கட்டிய புள்ளிகள், ஒன்றின் பின் ஒன்றாக. அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புடவையில் நெய்யும் ருத்திராட்சக் கரை எவ்வளவு சீராக விழுந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. கண் அப்படிப் பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அது பாம்பு என்று உறைத்தது.

அப்போதும் என் கை சும்மா இருக்கவில்லை. அதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

தறியில் நீள இழைகளான பாவு ஒன்று முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒன்றொன்றாகச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் தெருவில் அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சேர்த்த இழை பிரிந்ததாக யாரும் சொன்னதில்லை, நான் கட்டின கட்டு நெகிழ்ந்ததாகவும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கயிறு தேடி எவள் ஓடுவாள்? கையருகே பட்டுநூல் சிட்டம் கிடந்தது. அதைப் பிரித்து, பல மடிப்பாக்கி முறுக்கி, தண்ணீரில் நனைத்து, கணுக்காலுக்கு மேலே ஒரு கட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு போட்டேன். கட்டுக்குள் ஒரு குச்சியையும் செருகித் திருகினேன். மடித்து முறுக்கிய பட்டு எவ்வளவு இழுத்தாலும் அறாது என்பது எங்களை விட யாருக்குத் தெரியும்?

அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இறுக்குமா" என்றார். நான் இன்னும் இறுக்கினேன்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. தறிக்குழியைச் சுற்றி ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஒருவர் மலைப்பாம்புக் குட்டி என்றார், விஷமில்லை என்றார். இன்னொருவர் போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். எதிர்வீட்டு அண்ணன், "இன்னா பாம்புன்னு தெரியாம போனா டாக்டர் இன்னான்னு ஊசி போடுவாரு?" என்று கேட்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். கட்டுதான் இருக்கிறதே, விஷம் மேலே ஏறாது, கொஞ்சம் நிதானமாகவே போகலாம் என்று எனக்கே ஒரு தைரியம் இருந்தது.

கூரம் பக்கத்தில் ஒருவர் பச்சிலை கொடுக்கிறார் என்று யாரோ சொல்ல, ஆட்டோவில் அங்கே ஓடினோம். ஆட்டோ ஓட்டியவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பாய். வழியெல்லாம், "அம்மா, ஆஸ்பத்திரிக்கே ஜல்தியா போய்டலாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவரை அதட்டினேன். பச்சிலைக்காரர் காலைப் பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இது என் கையில இல்லம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." நல்ல மனிதர். அவருக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டுக்குக் கீழே கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்து அவர் சட்டைக் காலரில் சொட்டியது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மூத்த மகளை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். என்ன பாம்பு என்று கேட்பாள், தெருவில் எடுத்து என் போனுக்கும் அனுப்பிய படத்தைக் காட்டலாம் என்று நான் தயாராக நின்றேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசை மேல் அசையாமல் நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"இருபது நிமிஷத்துல இது உறையணும்" என்றாள்.

அந்த இருபது நிமிஷம் நான் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேரம் முடிந்ததும் அவள் குழாயை எடுத்துச் சாய்த்தாள். ரத்தம் தண்ணீராக வழிந்தது. மனித ரத்தம் உறைய மறந்துபோகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் உடம்புக்குள் ஓடுவதும் அதே ரத்தம்தானே என்று தோன்றியது.

மருந்து ஏற ஆரம்பித்த பிறகுதான் கட்டுகளை எடுக்க வந்தார்கள். சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நிற்கும் விஷம் ஒரேயடியாக ஏறிவிடுமாம். நர்ஸ் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. கத்திரிக்கோலை உள்ளே விடப் பார்த்தாள், வீங்கின சதைக்குள் நூல் புதைந்துவிட்டதால் இடமில்லை. அவர் அலறினார். எங்கள் தெருவில் யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"யார் இதக் கட்டினது?" என்று டாக்டர் கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

"நான்தாம்மா" என்றேன். அந்த நிமிஷத்தில்கூட அவள் பாராட்டப் போகிறாள் என்று மூளையின் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்தது. மெல்லிய கத்தியால் இழை இழையாக அறுத்து எடுத்தாள்.

மூன்றாவது நாள் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம், உயிருக்கு அநேகமாக பயமில்லை. ஆனால் இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன, எடுக்க வேண்டும்.

"விஷம் அவ்ளோ கடுசா?" என்று கேட்டேன்.

"இது சதைய அரிக்கிற விஷம்மா. நீங்க கட்டினதால அது அதே எடத்துல தேங்கிடுச்சு. ரத்தமும் கீழ போகல. விஷமும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா கட்டாம, கால அசைக்காம, நேரா இங்க வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். என்ன பாம்புன்னும் பாக்கத் தேவையில்ல. நம்ம ஊர்ப் பக்கத்து நாலு விஷப் பாம்புக்கும் மருந்து ஒண்ணுதான்."

காதில் விழுந்தது, மனசுக்குள் இறங்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ வெட்டினாய்" என்று ஒருவர் சொல்வதை எப்படி வாங்கிக்கொள்வது? வராந்தாவில் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மூன்று விரல்களையும் எடுத்தார்கள்.

நடுவில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, தெருக்காரர்கள் கூப்பிட்டு அன்றே பாம்பைப் பிடித்துப் போன ஆள் குழியை மறுபடி பார்க்க வந்திருந்தார். பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுகிறவர். பாவுக்குக் கஞ்சி போடும் பானையைக் காலால் தட்டிக் காட்டினார். பக்கத்திலேயே எலி வளை.

"கஞ்சி எலிக்கு, எலி அதுக்கு. மழைக்கு ஒதுங்க ஒரு பள்ளத்தையும் நீங்களே வெட்டிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் வராம இன்னா பண்ணும்?" என்றார். "கண்ணாடி விரியன் தொரத்தி வந்து கடிக்காதும்மா. வராதேன்னு மொதல்ல சத்தம் போட்டுச் சொல்லும். நல்லா பெருசா சொல்லும். உங்களுக்குக் கேக்கலயா?"

கேட்டது, இரண்டு தடவை கேட்டது, நான் கிண்டல் செய்தேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் வீடு திரும்பிய நாளில் தெருவே வந்து பார்த்தது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "ரெண்டு மணி நேரம் விஷம் ஏறாம நிறுத்தினாளே, அவ கட்டு இல்லன்னா ஆளு போயிருப்பாரு." பூ வாங்கும் இடத்தில், ரேஷன் கடையில், வரதர் கோயில் மதிலோரம் நடக்கும்போது என்று எங்கே போனாலும் இதையே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எல்லோரையும் விட அதிகமாகச் சொன்னார். கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, "மூணு வெரலோட போச்சு. உயிரு இவ குடுத்தது" என்பார். நான் காபி கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பேன். மறுபடி தறியில் உட்கார்ந்து, விரலில்லாத காலால் மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தார். மிதி வழுக்கும், கால் நழுவும், என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொள்வேன். நான் கோழை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்கு அவர் மனசைப் புண்படுத்தக் கூடாது என்று பெயர் வைத்திருந்தேன்.

தை பிறந்து சில நாள் இருக்கும். ஒரு மத்தியானம், எதிர்வீட்டு அண்ணனின் மருமகள் கொல்லையில் அடுக்கியிருந்த பழைய கூரை ஓடுகளை எடுக்கப் போய்க் கையை வைத்திருக்கிறாள். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம், தங்கமான பெண், பின்னலிலிருந்து பூ விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மறுபடி வைப்பாள். "அம்மா, பாமு" என்று அவள் கத்தினது எங்கள் தறி வரைக்கும் கேட்டது. நாங்கள் எழுந்திருப்பதற்குள் அவள் மாமியாரும், எதிர்வீட்டு அண்ணனும் அவளைத் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் கையில் ஒரு பட்டுநூல் சிட்டம் இருந்தது. சிவப்புப் பட்டு. தண்ணீரில் நனைத்தே கொண்டுவந்திருந்தார்.

"நீதாம்மா கட்டணும். உன் கட்டுதான் நிக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரி கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தெருக்கோடியில் பாய் வீட்டு ஆட்டோ நிற்கிறது. இவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டு வளர்த்துவிட்ட வினை, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து என் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"கட்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்தார்கள். மாமியார் அழ ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் தறியிலிருந்து நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். அண்ணன் கையிலிருந்த சிட்டத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இன்னாமா நிக்கிற? எனக்குக் கட்டினா மாதிரியே கட்டு. நேரமாவுது."

"உங்களுக்குக் கட்டினதாலதாங்க உங்க வெரலு போச்சு" என்றேன்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"பாம்பு எடுக்கல உங்க வெரல. நான் எடுத்தேன். டாக்டர் மூணாவது நாளே என்கிட்ட சொல்லிட்டாங்க. கட்டாம வந்திருந்தா அஞ்சும் இருந்திருக்கும்." அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரலிலிருந்த மோதிரத்தையும் கையிலிருந்த வளையல்களையும் கழற்றினேன், வீங்கினால் வராது. கையை அசைக்காதே என்று துப்பட்டாவால் தளர்வாக நெஞ்சோடு தாங்கவிட்டேன். பாய் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். கால் மணி நேரத்துக்குள் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். நானும் கூடப் போனேன். அங்கே அதே கண்ணாடிக் குழாயை மேசையில் நிறுத்தினார்கள். இந்த முறையும் ரத்தம் உறையவில்லை. மருந்து ஏற்றினார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர் தறியிலேயே உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை. நான் சோறு போட்டேன், சாப்பிட்டார். அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. தறியில் அருகருகே உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை அசிங்கமாகப் பேசினால்கூடக் காலில் விழுந்து வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆறாவது நாள் எதிர்வீட்டுப் பெண் வீட்டுக்கு வந்தாள். நேராக எங்களைப் பார்க்கத்தான் வந்தாள். கை இன்னும் வீங்கியிருந்தது, மஞ்சள் பூத்திருந்தது, ஆனால் ஐந்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினாள். "டாக்டரம்மா யாரு சொல்லிக் கட்டாம வந்தேன்னு கேட்டாங்க அக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகும் வாசலையே பார்த்தபடி இருந்தார்.

"சொன்னா உன்ன அடிப்பேன்னு நெனச்சியா?" என்று கேட்டார். ஆறு நாளில் அதுதான் முதல் பேச்சு.

"இல்லங்க."

"பின்ன?"

"நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் பயந்தேன்."

விரல் எடுத்த புண்ணுக்கு நான் மருந்து வைக்கும் நேரம் ஆகியிருந்தது. அவர் இடது காலை மட்டும் என் பக்கமாக நீட்டினார்.